நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் வாழ்வும் தொல்பொருட் பாதுகாப்பில் அரசுத் துறைகளின் பங்கும்: செம்பரம்பாக்கம் – திருப்பெரும்புதூர் நிலப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியாகப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலர். கனிம வளங்களையும் பாறை அடுக்குகளையும் அளந்து வரைபடமாக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. அப்பணியின் உடன்விளைவாகவே தமிழகத்தின் பழைய கற்காலம் வெளிப்பட்டது. அவர் திரட்டிய பொருள்களை அரசு விலைக்கு வாங்கி அருங்காட்சியகத்தில் வைத்தது. ஆயினும் அப்பொருள்கள் கிடந்த நிலப்படிவு எவ்வகைப் பாதுகாப்பிற்குள்ளும் முழுமையாக வரவில்லை. பொருளைக் காத்த அரசுத் துறைகள் பொருள் கிடந்த நிலத்தைக் காவாமைக்கான காரணங்களை ஃபூட்டின் வாழ்க்கை வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிற்பேட்டைகளாக மாறிவரும் செம்பரம்பாக்கம் – திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இவ்வினா பெறும் இன்றைய முதன்மையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இராபர்ட் புரூஸ் ஃபூட், பழைய கற்காலம், சரளைப் படிவு, நிலவியல் ஆய்வுத் துறை, சென்னை அரசு அருங்காட்சியகம், செம்பரம்பாக்கம், இடப்பெயராய்வு.

முன்னுரை

வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்பு என்றவுடன் கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியனவே நினைவிற்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் கட்டுமானத்தைக் காப்பதற்கென்றே சட்டங்களும் துறைகளும் உருவாயின. மனிதன் கட்டடம் எழுப்புவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முன்னரே இந்நிலத்தில் வாழ்ந்தான் என்பதற்குரிய சான்றுகளோ கட்டுமானங்கள் அல்ல. அவை மண்ணடுக்குக்குள் சிதறிக் கிடக்கும் கல்லாயுதங்கள். அவற்றை எடுத்துக் காட்சிப்பேழையில் வைத்துவிட்டால் பாதுகாத்ததாகுமா, அவை கிடந்த மண்ணடுக்கையும் காத்தல் வேண்டுமா என்பது இன்றும் தீராத வினாவாக உள்ளது.

இவ்வினாவின் தொடக்கத்தை ஃபூட்டின் வாழ்வில் காணலாம். அவரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் பல்லாவரக் கண்டுபிடிப்பை விவரித்து அமைகின்றன. அவர் எத்துறையின் அலுவலராக இருந்து அதனைச் செய்தார், கண்டெடுத்தவை பின்னர் எவ்வாறு காக்கப்பட்டன என்னும் செய்திகள் மிகுதியும் ஆராயப்படவில்லை. அவ்விடைவெளியை நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் அரசுப் பணியும்

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் இருபத்து நான்காம் அகவையில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் அமைந்த துறை அது. நிலக்கரி உள்ளிட்ட கனிமங்கள் எங்குக் கிடைக்கும் என்பதை அறிவது காலனிய அரசின் உடனடித் தேவையாக இருந்தது. இருப்புப்பாதைகள் விரிந்துகொண்டிருந்த காலமாதலின் அத்தேவை மேலும் கூடிற்று.

அக்காலத்தில் தொல்பொருளைக் காப்பதற்கெனத் தனித்துறை ஏதும் சென்னை மாகாணத்தில் இல்லை. அலெக்சாண்டர் கன்னிங்காமைக் கொண்டு 1861-இல் தொடங்கப்பெற்ற தொல்லியல் ஆய்வு வட இந்தியாவை மையமாகக் கொண்டிருந்தது. தென்னிந்தியாவிற்கென ஜேம்ஸ் பர்ஜெஸ் பொறுப்பேற்றது 1881-இல்தான். எனவே, ஃபூட் தம் கண்டுபிடிப்பை நிகழ்த்தியபோது, அதனை ஏற்றுப் போற்றுதற்குரிய அரசமைப்பு இங்கு இல்லை என்பது கருதத்தக்கது. தொல்பழங்காலம் நிலவியல் அலுவலரின் தனிப்பட்ட ஈடுபாட்டால்தான் பதிவாயிற்று.

பல்லாவரத்துச் சரளைக் குழி

1859-இல் ஐரோப்பிய அறிவுலகில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் அழிந்துபட்ட விலங்குகளின் எலும்புகளுடன் மனிதன் செய்த கல்லாயுதங்கள் கிடைத்தமையை ஜோசப் பிரஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் நேரில் ஆராய்ந்து உறுதிசெய்தனர். மனித இனத்தின் தொன்மை நூலறிவால் மட்டுமன்றி மண்ணடுக்காலும் அளக்கப்படும் நிலை தோன்றியது. இச்செய்திகளை அறிந்திருந்த ஃபூட், தாம் அளக்கும் நிலத்திலும் அத்தகைய கருவிகள் இருத்தல் கூடும் என்னும் எதிர்பார்ப்புடன் பணியாற்றினார்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் படைப்பிரிவுத் திடலில் சரளைக்காகத் தோண்டப்பட்டிருந்த ஆழமற்ற குழியொன்றின் அருகே, வெளியே கொட்டப்பட்ட சரளையினிடையே, மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல்லொன்றை அவர் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் சென்று, கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கைக்கோடாரிகளைக் கண்டார். இவற்றைப் பற்றிய அவரது விரிவான கட்டுரை 1866-இல் சென்னை இலக்கியச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

இந்நிகழ்வில் ஆய்வாளர்கள் போதிய அளவு கருதாத கூறு ஒன்று உண்டு. பல்லாவரத்துக் கருவியை வெளிக்கொணர்ந்தது அகழாய்வு அன்று, சரளை வெட்டே ஆகும். நிலப்பயன்பாட்டிற்காக மண்ணை வெட்டியவர்கள் அறியாமலே அதனை வெளியில் எறிந்தனர். அவ்வழியே நிலவியல் அறிந்த ஒருவர் சென்றமையால் அது அறியப்பட்டது. அவர் செல்லாதிருப்பின் அக்கல் ஏதேனும் ஒரு சாலையின் அடித்தளத்தில் புதைந்திருக்கும். தொல்லிடத்தை வெளிப்படுத்திய அதே செயல்தான் அதனை அழிக்கவும் வல்லது. இம்முரணே பின்வரும் நூற்றாண்டுகளில் பாதுகாப்புச் சிக்கலாக விரிகிறது.

திருப்பெரும்புதூர்ப் படிவு

கல்லாயுதம் ஓரிடத்தில் கிடைத்தது என்னும் செய்தியோடு ஃபூட் நிறைவடையவில்லை. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அவ்வடுக்கு எங்கெல்லாம் பரவியுள்ளது என்பதையும் ஆராய்ந்தார். பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியலை விளக்கும் அவரது அறிக்கை 1873-இல் நிலவியல் துறையின் வெளியீட்டு வரிசையில் இடம்பெற்றது. திருப்பெரும்புதூர்ச் சுற்றுவட்டாரத்தில் தாவரப் புதைபடிவங்களைத் தாங்கிய களிப்பாறை அடுக்கைத் தனித் தொகுதியாகப் பிரித்து அவ்வூரின் பெயரையே அவர் இட்டார். நிலவியலார் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றனர். அதன் தாவரப் புதைபடிவங்களை ஓட்டகார் ஃபைஸ்ட்மாண்டல் 1879-இல் விளக்கியுரைத்தார்.

இம்முதுபடிவின் மீது செம்புரைக்கல்லும் சரளையும் போர்வையாகப் படிந்துள்ளன. கற்கால மனிதனின் கருவிகள் கிடைப்பது அப்போர்வையிலேயாம். கருவி செய்தற்குரிய குவார்ட்சைட் உருள்கற்கள் இப்பகுதியின் வடக்கிலுள்ள திரள்கல் குன்றுகளிலிருந்து வந்தவை. எனவே மூலப்பொருள், கருவி செய்தோர் வாழ்விடம், கருவி புதைந்த மண் ஆகிய மூன்றும் ஒரே நிலவியல் தொடர்ச்சியின் உறுப்புகளாகின்றன. நிலவியல் வரைபடமே தொல்லியல் வரைபடமாகவும் பயன்படும் என்பதை ஃபூட்டின் ஆய்வு உணர்த்திற்று. பல்லாவரத்திற்கு மேற்கே செம்பரம்பாக்கம், திருப்பெரும்புதூர், ஒரகடம் என விரியும் நிலப்பகுதியைத் தொல்லியல் நோக்கில் அணுகுவதற்கு இதுவே அடிப்படை.

பெர்சிவல் குடும்பத் தொடர்பு

தமிழாய்வாளர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தி ஃபூட்டின் இல்லற வாழ்வைச் சார்ந்தது. அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தினவர்த்தமானி இதழை நடத்தியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவரும் பெர்சிவலே ஆவார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய அவர் ஏற்காட்டில் தங்கி 1882-இல் மறைந்தார். ஃபூட்டும் பணி ஓய்வுக்குப்பின் ஏற்காட்டையே உறைவிடமாகக் கொண்டார்.

மாமனார் மக்கள் வாய்மொழியில் சிதறிக் கிடந்த பழமொழிகளைத் திரட்டினார். மருமகன் மண்ணில் சிதறிக் கிடந்த கல்லாயுதங்களைத் திரட்டினார். ஒருவர் பணி மற்றவரைத் தூண்டியது என்று கொள்ளச் சான்றில்லை. எனினும், சிதறியவற்றைத் தொகுத்து அட்டவணைப்படுத்துதல் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவு மரபு இருவரிடத்தும் செயற்பட்டமை தெளிவு. திரட்டப்பட்ட பொருள் தன் சூழலிலிருந்து பிரிக்கப்படுகிறது என்னும் குறையும் இருவர் பணிக்கும் பொதுவாகும். அகரவரிசையில் அச்சான பழமொழி, அதனைச் சொன்ன சந்தர்ப்பத்தை இழக்கிறது. பேழையில் வைக்கப்பட்ட கருவி அது கிடந்த அடுக்கை இழக்கிறது.

திரட்டு அருங்காட்சியகம் புகுந்தமை

முப்பத்திரண்டு ஆண்டுக்கால அரசுப் பணியில் ஃபூட் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை நடந்தே அளந்தார். 1884–85-இல் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகள் அவர் முயற்சியால் ஆராயப்பட்டன. அப்பணியில் அவர் மகன் ஹென்றியும் ஈடுபட்டார். பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் கால்நடைப் பட்டிகள் எரிந்தமையால் உண்டாகியிருக்கலாம் என ஃபூட் கருதினார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ரேமண்ட் ஆல்சின் மேற்கொண்ட ஆய்வு அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. 1891-இல் நிலவியல் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர்ப் பரோடா அரசிலும், அதன்பின் மைசூர் அரசிலும் நிலவியல் பணி ஆற்றினார்.

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் எட்வர்டு பால்ஃபூரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க நோக்கம் பொருளாதாரப் பயனுடைய கனிமங்களையும் இயற்கைப் பொருள்களையும் காட்சிப்படுத்துவதாக இருந்தது. காலப்போக்கில் தொல்பொருளுக்கும் அங்கு இடம் கிடைத்தது. அருங்காட்சியகத்திலிருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்கு ஃபூட் உருவாக்கிய அட்டவணை 1901-இல் வெளிவந்தது. அவர் தம் சொந்தத் திரட்டாகப் போற்றிவந்த பொருள்களை 1904-இல் சென்னை அரசு விலைகொடுத்து வாங்கி அருங்காட்சியகத்தில் சேர்த்தது. எட்கர் தர்ஸ்டன் அப்போது அதன் கண்காணிப்பாளராக இருந்தார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட அப்பொருள்கள் இதனால் சிதறாமல் சென்னையிலேயே தங்கின.

இத்திரட்டிற்குரிய விளக்க அட்டவணையைத் தம் இறுதி ஆண்டுகளில் ஃபூட் எழுதினார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவிடம் உள்ளது. அட்டவணை 1914-இலும், அதன் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-இலும் அருங்காட்சியக வெளியீடுகளாக வந்தன. அவ்வட்டவணையின் சிறப்பு, பொருளின் வடிவத்தோடு அது கிடைத்த ஊரையும் மாவட்டத்தையும் பதிந்துவைத்தமையாகும். கருவி கிடைத்த இடம் எது என்பதை அறியும் வழி அதனால்தான் அடைபடாமல் இருக்கிறது.

ஃபூட்டுக்குப் பின் வந்த சட்டங்கள்

புதையல் சட்டம் 1878-இல் வந்தது. மண்ணிலிருந்து கிடைக்கும் விலைமதிப்புடைய பொருளின் உரிமையை வரையறுப்பது அதன் நோக்கம். உடைந்த குவார்ட்சைட் கல்லுக்குச் சந்தை விலை இல்லாமையால் அச்சட்டத்தால் கற்காலச் சான்றுகளுக்குப் பயன் விளையவில்லை. கர்சன் பிரபு காலத்தில் 1904-இல் நிறைவேறிய பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கட்டடங்களையே பெரிதும் கருத்திற்கொண்டது. ஃபூட்டின் திரட்டை அரசு வாங்கியதும், நாட்டின் முதற் பெரும் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. ஒன்று பொருளையும் மற்றொன்று கட்டடத்தையும் காத்தன. மண்ணடுக்கு இரண்டிற்கும் இடையே விடுபட்டது.

விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தொல்லியல் இடங்களையும் எச்சங்களையும் வெளிப்படையாகத் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961-இல் அமைந்தது. மாநிலச் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடைசெய்து, அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்படுத்தியது. இவை யாவும் பெயர் குறித்து அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே பொருந்தும். அறிவிக்கப்படாத இடம் சட்டத்தின் பார்வையில் வெற்று நிலமே. கட்டடங்கள் நெருங்கிய புறநகரில் இவ்வெல்லை குடியிருப்போருக்குச் சுமையாவதும் உண்டு. ஆகவே அறிவிப்பை விரிவாக்குவது மட்டுமே தீர்வாகாது.

நிலவியல் ஆய்வுத் துறையும் பின்னர்ப் பாதுகாப்புப் பணியில் இறங்கிற்று. தமிழகத்தில் திருவக்கரைக் கல்மரங்களும், பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையும் தேசிய நிலவியல் சின்னங்களாக அத்துறையால் அறிவிக்கப்பட்டன. பரங்கிமலையின் பாறை சின்னமாயிற்று. அதற்கு அண்மையில், அத்துறையின் அலுவலரே இந்தியத் தொல்பழங்காலத்தைத் தொடங்கிவைத்த சரளைப் படிவு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

நிலப்படிவைக் காத்தலால் விளையும் பயனுக்கு அத்திரம்பாக்கம் சான்றாகும். அங்குப் படிவுகள் எஞ்சியிருந்தமையால் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையும், 1999 முதல் சாந்தி பப்பு குழுவினரும் அகழாய்வு செய்ய இயன்றது. கைக்கோடாரிப் பண்பாடு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையது என்பது 2011-இலும், இடைப் பழைய கற்காலம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கியது என்பது 2018-இலும் வெளியிடப்பட்டன. இம்முடிவுகளைத் தந்தது அருங்காட்சியகப் பேழையிலுள்ள கருவி அன்று. கருவியைச் சூழ்ந்திருந்த மண்ணே தந்தது. ஃபூட் காலத்தில் அம்மண்ணைக் காலக்கணிப்புச் செய்யும் முறை எதுவும் அறியப்படவில்லை. இன்று நாம் அறியாத முறைகள் நாளை தோன்றலாம் என்பதால் மண்ணை எஞ்சவிடுதல் ஆய்வறமாகிறது.

செம்பரம்பாக்கம் நிலப்பகுதியின் இன்றைய நிலை

செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவுடையது. சென்னையின் குடிநீர்த் தேவைக்குப் பயன்படும் இவ்வேரியை நீர்வளத் துறை பேணுகிறது. அத்துறையின் கணக்கில் ஏரி என்பது கொள்ளளவும் கரையும் மதகுமாகும். ஏரியைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது முதல் இப்பகுதியின் நிலத்தோற்றம் விரைந்து மாறிவருகிறது. மேட்டைச் சமன்செய்தல், பள்ளத்தை நிரப்புதல், சாலைக்குச் சரளை இடுதல் ஆகியன தொழில் வளர்ச்சியின் முதற்படிகள். ஃபூட் படித்த அடுக்குதான் இங்கு வெட்டப்படும் சரளையும்.

இந்நிலம் தொல்பொருளற்ற நிலம் அன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பல நடுவணரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. குன்னத்தூர் ஈமக்காடு 1950-களில் அகழப்பட்டது. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழை யாவரும் அறிந்தது. ஒரகடம் அருகிலுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் நடத்திய அகழாய்வில் நுண்கற்காலக் கருவிகள் முதல் பல்லவர் கால எச்சங்கள் வரை வெளிப்பட்டன. தொழிற்பூங்காவிற்கு அணித்தாக உள்ள ஓர் ஊரில் இத்தனைக் காலத் தொடர்ச்சி வெளிப்பட்டமை, அறிவிக்கப்படாத ஊர்களில் இன்னும் எவ்வளவு எஞ்சியிருத்தல் கூடும் என்பதை எண்ணச் செய்கிறது.

இப்பகுதியில் நிலம் ஒதுக்குவது ஒரு துறை. சரளைக்கு உரிமம் தருவது மற்றொரு துறை. ஏரியைக் காப்பது வேறொரு துறை. அறிவிக்கப்பட்ட சின்னத்தைக் காப்பவை இரு தொல்லியல் துறைகள். ஃபூட்டின் காலத்தில் ஒரே அலுவலரின் கையில் நிலவியலும் தொல்லியலும் இணைந்திருந்தன. துறைகள் பெருகிய பின்னர் ஒவ்வொன்றும் தன் வரம்பை நன்கு ஆற்றினாலும், வரம்புகளுக்கு இடைப்பட்ட மண்ணடுக்கு எவர் பொறுப்பிலும் இல்லாமற் போகிறது.

தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணி

இச்சிக்கலைத் தீர்ப்பதில் தமிழாய்விற்கும் இடமுண்டு. ஃபூட்டின் அறிக்கைகளிலும் அட்டவணையிலும் ஊர்ப்பெயர்கள் ஆங்கில ஒலிபெயர்ப்பில் உள்ளன. திருப்பெரும்புதூர் அவர் எழுத்தில் ஸ்ரீபெர்மத்தூர் எனச் சிதைந்துள்ளது. அறியப்பட்ட ஊராதலின் இதனை அடையாளம் காண்பது எளிது. சிற்றூர்களின் நிலை அவ்வாறன்று. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும், ஊர்கள் தொழிற்பூங்காவிற்குள் அடங்கிப் பெயர் வழக்கிழப்பதும் இடர்ப்பாட்டை மிகுவிக்கின்றன. இப்பெயர்களைக் கல்வெட்டு, நிலவரி ஆவணம், மக்கள் வழக்கு ஆகியவற்றோடு ஒப்பிட்டு இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்துதல் இடப்பெயராய்வாளர்க்கு உரிய பணி. அவ்வாறு பொருத்திய பட்டியல் இல்லாதவரை, எந்த ஊரில் சரளை வெட்டுமுன் ஆராய வேண்டும் என்பதை எத்துறையாலும் கூற இயலாது.

முடிவுரை

1. இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கண்டுபிடிப்பு நிலவியல் ஆய்வின் உடன்விளைவு. பாதுகாப்பிற்கெனத் தனியமைப்பு இல்லாத காலத்தில் அவருடைய தனிப்பட்ட ஈடுபாடே தொல்பொருள்களைக் காத்தது.

2. 1904-இல் சென்னை அரசு அவரது திரட்டை வாங்கியமை தமிழகத் தொல்பொருட் பாதுகாப்பில் அரசுத் துறையொன்று ஆற்றிய பெரும்பணி. அதன் பயன் பொருளோடு நின்றது, நிலத்தைச் சென்றடையவில்லை.

3. அறிவிக்கப்பட்ட சின்னத்தை மையமாகக் கொண்ட சட்டங்களால், பரந்து கிடக்கும் சரளைப் படிவைக் காத்தல் அரிது. நிலம் சமன்செய்யப்படுவதற்கும் சரளை உரிமம் வழங்கப்படுவதற்கும் முன்னர்த் தொல்லியல் மேற்பரப்பாய்வு நிகழ்தல் வேண்டும்.

4. அவ்வாய்விற்கு வேண்டிய வழிகாட்டி புதிதாக உருவாக்கப்பட வேண்டியதன்று. ஃபூட்டின் நிலவியல் அறிக்கையும் ஊர்வாரி அட்டவணையும் அதற்கு அடிப்படையாகும். அவற்றின் ஊர்ப்பெயர்களை இன்றைய நிலத்தோடு பொருத்தும் பணியைச் செம்பரம்பாக்கம் – ஒரகடம் பகுதியிலிருந்தே தொடங்குதல் தகும். ஏனெனில் அங்கு எஞ்சியுள்ள படிவு நாள்தோறும் குறைந்து வருகிறது.